முன் ஸ்பாய்லர் மாட்டினால் என்ஜின் சூடும் குறையுமா, ஸ்டியரிங்கும் நிலைக்குமா? (1972 டாட்சன் 240 இசட்)

ஆறுசிலிண்டர் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு டாட்சன் 240 இசட். 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டைக் கார்ப்யூரேட்டர். முன்பக்கம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. பம்பருக்குக் கீழே அந்தச் சிறிய தகடு மட்டும்தான்.

இரண்டு தொல்லைகள். முதலாவது சூடு. போக்குவரத்து நெரிசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் முள் நடுவிலேயே நிற்கிறது. விரைவுச்சாலையில் 110 கி.மீ. வேகத்துக்கு மேல் சீராக ஓட்டினால்தான் மெல்ல மெல்ல ஏறுகிறது. வேகத்தைக் குறைத்தால் தானாக இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்பு இரண்டும் புதியவை.

இரண்டாவது, பந்தயத் தடத்தின் நேர்ப்பாதையில் 130ஐத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் இருந்த கனம் போய்விடுகிறது. பக்கக் காற்று அடித்தால் மூக்கு தன் இஷ்டத்துக்குப் போகப் பார்க்கிறது.

ஆழமான முன் ஸ்பாய்லர் ஒன்றை (பம்பருக்குக் கீழே காற்றைத் தடுக்கும் பலகை) மாட்டினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிறார் ஒரு நண்பர். ரேடியேட்டருக்குப் போகிற காற்றையே அது அடைத்துவிடும் என்கிறார் இன்னொருவர். பானெட்டின் பின்விளிம்புக்கு அடியில் வாஷர் வைத்துச் சற்றுத் தூக்கிவிட்டால் சூடு வெளியேறும் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது? மாட்டுவதாக இருந்தால் எவ்வளவு ஆழம்? ஸ்பிளிட்டரும் (ஸ்பாய்லரின் அடியில் தரைக்கு இணையாக முன்னால் நீளும் பலகை) வேண்டுமா?

சூடானஎன்ஜின் எழுதியது:

எலெக்ட்ரிக் ஃபேன் இரண்டு போடுங்கள், பானெட்டின் பின்விளிம்பைத் தூக்கிவிடுங்கள். என் வண்டியில் இவ்வளவுதான் செய்தேன். கோடை வெயிலில் நெரிசலில் நின்றாலும் முள் அசைவதில்லை. ஸ்பாய்லர் எல்லாம் அழகுக்குத்தான்.

பழையபிஸ்டன் எழுதியது:

மேலே நண்பர் எழுதியிருப்பது நிற்கும்போது சூடாகிற வண்டிக்கான மருந்து. ஆறுசிலிண்டரின் வண்டிக்கு நோயே வேறு. தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசலில் முள் அசைவதில்லை என்றால் ஃபேன் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். 110இல் வண்டி ஓடும்போது முன்னாலிருந்து தானாக வருகிற காற்றுக்கு முன் எந்த ஃபேனும் ஒரு பொருட்டல்ல. அந்த வேகத்தில் இரட்டை ஃபேனும் அதன் கூண்டும் குறுக்கே நிற்கிற தட்டிகள்தாம்.

ஸ்பாய்லருக்குப் பணம் எடுத்துவைப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு ரேடியேட்டரின் கீழ்க் குழாயைக் கவனியுங்கள். பம்பு தண்ணீரை உறிஞ்சுகிற பக்கம் அதுதான். பழைய குழாயாக இருந்தால், உள்ளே இருக்க வேண்டிய கம்பிச் சுருளும் துருப்பிடித்துப் போயிருந்தால், என்ஜின் வேகம் ஏறும்போது குழாய் சப்பிக்கொள்ளும். ஐட்லிங்கில் உருண்டையாக, அப்பாவியாக இருக்கும். அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸ், அதாவது சீரான ஓட்டத்தில் தீப்பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அமைப்பு. அந்தச் சிறு குழாய் கழன்று கிடந்தாலோ உள்ளே சவ்வு கிழிந்திருந்தாலோ, சீரான வேகத்தில் ஓடும்போது கலவை தாமதமாக எரியும். வீணாகும் வெப்பம் தண்ணீரில் வந்து சேரும். இந்த இரண்டும் சரி என்றால், மிச்சம் இருப்பது காற்றுதான்.

இப்போது காற்றுக்கு வருவோம். ரேடியேட்டர் என்றாலே எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கிரில் பெரிதா, பம்பர் மறைக்கிறதா என்று கேட்கிறார்கள். உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. கூட்டம் பிதுங்குகிற பஸ்ஸில் இறங்கும் படியில் ஆள் இறங்கினால்தான் ஏறும் படியில் இன்னொருவர் ஏற முடியும். வாசலை அகலப்படுத்தி ஒரு பயனும் இல்லை. ரேடியேட்டர் வழியாகக் காற்றைத் தள்ளுவது முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். 100 கி.மீ. வேகத்தில் காற்றை முழுவதுமாகத் தடுத்து நிறுத்தினால் கிடைக்கிற அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல், அதாவது 47 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர். முன்னால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மொத்தச் சொத்தும் அவ்வளவுதான். அதைப் பெரிதாகக் கூட்ட முடியாது. பின்னால் உள்ள அழுத்தத்தைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

240 இசட்டில் பம்பருக்கு அடியில் நுழைகிற காற்று நேராக என்ஜினுக்குக் கீழே போய், கிராஸ்மெம்பரிலும் ஆயில் சம்பிலும் மோதி, என்ஜின் அறைக்குள் மேலேறிப் பார்க்கும். அறைக்குள் அழுத்தம் ஏறினால் ரேடியேட்டருக்குப் பின்னால் எதிர்த்து நிற்கும். வேகம் கூடக் கூட இந்த எதிர்ப்பும் கூடும். வேகத்தில் மட்டும் சூடாவதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஏர் டேம், அதாவது ஆழமான முன் ஸ்பாய்லர், செய்வது கீழே நுழைகிற அந்தக் காற்றை நிறுத்தி இரு பக்கமும் திருப்பிவிடுவது. அதன் முதுகுக்குப் பின்னால், என்ஜினுக்கு அடியில், அழுத்தம் குறைகிறது. ரேடியேட்டரைக் கடந்த காற்று இறங்கிப் போக ஒரு வழி கிடைக்கிறது.

நம்பிக்கை இல்லையென்றால் 1982 முதல் வந்த பாண்டியாக் ஃபயர்பேர்டையோ 1984 முதல் வந்த கார்வெட்டையோ பாருங்கள். மூக்கில் ரேடியேட்டருக்கென்று சொல்லிக்கொள்ளும்படி வாயே கிடையாது. காற்று பம்பருக்கு அடியிலிருந்துதான் உள்ளே போகிறது. அதை மேலே திருப்பிவிடுவது ஏர் டேம் என்ற ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பலகை. நடைபாதைக் கல்லில் மோதி அது உடைந்து விழுந்துவிட்டால் வண்டி நெடுஞ்சாலையில் கொதிக்கும். உரிமையாளர் ரேடியேட்டரை மாற்றுவார், பம்பை மாற்றுவார், குனிந்து கீழே மட்டும் பார்க்க மாட்டார்.

ஆகவே "ஸ்பாய்லர் காற்றை அடைத்துவிடும்" என்று சொன்ன நண்பர் தவறாகப் பயப்படுகிறார். கிரில்லின் வாயை மறைத்தால்தான் அடைக்கும். பம்பருக்குக் கீழே தொங்குகிற பலகை அடைப்பது உங்களுக்கு வேண்டாத காற்றை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில ஸ்பாய்லர்களில் அழகுக்காக இரண்டு மூன்று திறப்புகள் வைத்திருப்பார்கள். அந்தத் திறப்பிலிருந்து ரேடியேட்டர் வரையோ ஆயில் கூலர் வரையோ மூடிய வழி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீங்கள் தடுத்த காற்றை நீங்களே ஓட்டை போட்டு உள்ளே விடுகிறீர்கள்.

பானெட்டின் பின்விளிம்பைத் தூக்குவதைப் பற்றி. முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று வந்து மோதித் தேங்குகிறது. ஓடும்போது அங்கே அழுத்தம் அதிகம். அந்தக் காற்றைப் பிடித்துக் கார்ப்யூரேட்டருக்குக் கொடுப்பதற்காகவே பின்னோக்கித் திறந்த பானெட்டுகளை அமெரிக்கக் கார்களில் செய்தார்கள். அங்கே இடைவெளி விட்டால் நிற்கும்போது சூடு மேலே போகும், உண்மைதான். ஓடும்போது அதே இடைவெளி வழியாகக் காற்று உள்ளே வர வாய்ப்பு அதிகம். உங்கள் நோயை அது கூட்டத்தான் செய்யும்.

இதெல்லாம் என் வாய்ச்சொல்லாக இருக்க வேண்டாம், அளந்து பாருங்கள். மீன்தொட்டிக்குப் பயன்படுகிற மெல்லிய ஒளிபுகும் குழாய் போதும். அதை ஆங்கில 'யு' வடிவத்தில் வளைத்து ஒரு பலகையில் ஒட்டி, பாதி அளவுக்குச் சாயம் கலந்த தண்ணீர் விட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோலைப் பொருத்துங்கள். பலகை வண்டிக்குள், செங்குத்தாக. ஒரு முனை நீள்குழாயாக ரேடியேட்டருக்கு முன்னால் போகட்டும், மறு முனை ரேடியேட்டருக்குப் பின்னால் போகட்டும். காற்று நேராக ஊதிவிடாமல் இரு முனைகளிலும் சிறு பஞ்சுத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். ஃபேன் இறக்கையிலிருந்து தள்ளியே இருக்கட்டும். இரு நீர்மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரேடியேட்டர் வழியாகக் காற்றைத் தள்ளுகிற விசை. அளவைப் பார்ப்பது பக்கத்து இருக்கைக்காரரின் வேலை. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். எப்போதும் ஒரே வேகத்தில், காற்றில்லாத நேரத்தில், போகும்போதும் திரும்பும்போதும் அளந்து சராசரி எடுங்கள்.

அளந்த பிறகு ஸ்பாய்லருக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலேயும் கையை விட்டுப் பாருங்கள். விரல் நுழைகிற இடமெல்லாம் காற்று நழுவுகிற இடம். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் புகுவதைவிட ஓரத்துச் சந்தில் போவது அதற்கு எளிது. நுரை ரப்பர் பட்டையால் எல்லாச் சந்துகளையும் அடையுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் உடனே தெரியும்.

இனி ஸ்டியரிங். இங்கே கொஞ்சம் கணக்கு. மூக்கின் தூக்கு விசைக் கெழு 0.2, முகப்புப் பரப்பு 1.7 சதுர மீட்டர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 100இல் முன்சக்கரங்களிலிருந்து குறைகிற சுமை சுமார் 16 கிலோ, 130இல் 27, 160இல் 41, 200இல் 64. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. உங்கள் வண்டியின் முன்சக்கரங்கள் தாங்குவது ஐந்நூறு கிலோவுக்குச் சற்று மேலே கீழே. அதில் 27 கிலோ என்பது ஐந்து சதவீதம்தான். ஆனால் அத்தோடு நிற்பதில்லை. சுமை குறைந்ததும் ஸ்பிரிங் விரிந்து மூக்கு மேலே எழும்புகிறது. எழும்பினால் அடியில் இன்னும் அதிகக் காற்று நுழைகிறது. சக்கரத்தின் டோவும் (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) சற்று மாறுகிறது.

எனவே 130இலேயே கனம் அடியோடு போகிறது என்றால் காற்றை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்டியரிங் ராக்கைப் பிடித்திருக்கிற ரப்பர் புஷ்கள், டோ, காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), டயர் அழுத்தம், வண்டி நிற்கும் சாய்வு எல்லாவற்றையும் பாருங்கள். பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்து, நிற்கும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பழைய இசட்டுகள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் ஸ்பாய்லர் மாட்டுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

அதன்பின் ஸ்பாய்லர் நிச்சயம் உதவும். இந்த வண்டியின் மூக்கு தூக்குவது ஊரறிந்த விஷயம். 1970, 1971 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்காவில் சி புரொடக்‌ஷன் பந்தயப் பிரிவின் பட்டத்தை 240 இசட்டில் வென்ற பீட்டர் பிராக்கின் அணி முன் ஸ்பாய்லர் மாட்டித்தான் ஓடியது. நிஸானே 1971இல் ஜப்பானில் நீண்ட மூக்கு வைத்த 240 இசட்ஜியை விற்றது.

ஆழம்: தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை இறக்கலாம், கடைசி மூன்று நான்கு சென்டிமீட்டர் வளைகிற ரப்பராக இருக்கட்டும். குறிப்பிட்ட ஆழம் வரை, அடிப்பகுதியின் கரடுமுரடை மறைப்பதால் காற்றுத் தடையும் குறையும். அதற்கும் கீழே போனால் பலகையே தடையாகிவிடும். பிடிப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 1.4 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம் உள்ள பலகையை 160இல் காற்று ஏறத்தாழ 25 கிலோ விசையோடு தள்ளும், 200இல் 40. மெல்லிய கீழ்த் தகட்டில் நாலு திருகு போட்டால் ஃபைபர் கிளாஸ் பின்னோக்கி மடங்கும், வேண்டிய நேரத்தில் வேலை செய்யாது. பின்பக்கம் இரண்டு தாங்குகம்பிகளைச் சேஸிஸ் வரை கொண்டுபோங்கள்.

ஸ்பிளிட்டர் இப்போதைக்கு வேண்டாம். ஏர் டேம் தேக்கி வைத்த அழுத்தம் மேலே இருந்து அழுத்துவதால்தான் அந்தப் பலகைக்கு வேலையே. ஒரு ஆள் ஏறி நின்றாலும் வளையாத உறுதி வேண்டும், சாலையில் முதலில் உடைவதும் அதுதான்.

தடத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதால் இன்னொன்று. கீழே போன காற்று பிரேக்கையும் குளிர்வித்துக்கொண்டிருந்தது. உங்கள் அசல் முன் டிஸ்க்குகள் நடுவில் காற்றுவழி இல்லாத ஒற்றைத் தகடுகள். ஸ்பாய்லர் மாட்டிய பிறகு முதல் சில சுற்றுகளில் பெடல் தளர்கிறதா என்று பாருங்கள். தளர்ந்தால் பலகையில் இரண்டு துளையிட்டு அங்கிருந்து குழாய் இழுக்க வேண்டியிருக்கும். மேலே நான் திட்டிய ஓட்டைகளுக்கு இதுதான் நியாயமான பயன்.

கடைசியாகப் பின்பக்கம். மூக்கை மட்டும் அமுக்கிவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிட்டால், இப்போது முன்னால் இருக்கிற பயம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் மிதந்தால் வண்டி திரும்ப மறுக்கும். பின்பக்கம் மிதந்தால் வேகமான வளைவில் சுழற்றிவிடும். எது மோசம் என்று சொல்ல வேண்டியதில்லை. போர்ஷே 1972 மாடல் 911 எஸ்ஸில் முன் ஸ்பாய்லர் வைத்தது; அடுத்து வந்த 1973 கரேரா ஆர்எஸ் 2.7இல் வாத்து வால் போன்ற பின் ஸ்பாய்லரும் சேர்ந்தது. ஆடி டிடி அழகான உருண்டைப் பின்புறத்தோடு 1998இல் வந்தது. அதிவேக விபத்துகளுக்குப் பிறகு விற்ற வண்டிகளையும் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு ஸ்பாய்லர் வைத்தார்கள். நீங்கள் 160க்குக் கீழேதான் ஓட்டுவீர்கள் என்றால் பின் கதவின் விளிம்பில் ஒரு சிறு லிப் (மேல்நோக்கி எழும் சிறு விளிம்பு) போதும். ஆனால் அது இல்லாமல் ஆழமான ஏர் டேமோடு தடத்தில் இறங்காதீர்கள்.

பச்சைடிஆர் எழுதியது:

பழையபிஸ்டன் ஐயா சொன்ன சந்து அடைக்கிற வேலைக்கு என் சாட்சியம். என்னுடையது டிரையம்ஃப் டிஆர்6. ரேடியேட்டருக்கு முன்னால் காற்றை ஒழுங்காகத் திருப்பிவிட அட்டையால் ஆன தடுப்புகளைத் தொழிற்சாலையிலேயே வைத்திருந்தார்கள். வெறும் அட்டைதானே என்று யாரோ ஒரு புண்ணியவான் கழற்றி எறிந்த வண்டிதான் என் கைக்கு வந்தது. அவற்றை மறுபடி வெட்டி வைத்ததும் முள் வெகுவாக அடங்கிவிட்டது. 1973 முதல் வந்த டிஆர்6களில் இருந்த அசல் முகவாய் ஸ்பாய்லரைப் பிறகு மாட்டினேன். ஸ்டியரிங்கில் தெரிந்த மாற்றம் சிறியது, ஆனால் நல்லது.

ஒரு தொந்தரவு: வண்டியை இழுத்துச் செல்லும் கொக்கியையும் முன்பக்கம் ஜாக்கி வைக்கும் இடத்தையும் ஸ்பாய்லர் மறைக்கக் கூடாது. டிரெய்லரில் ஏற்றும்போதுதான் இது நினைவுக்கு வரும். ஸ்பாய்லர் உரசாமல் இருக்க இரண்டு பலகைகளைச் சாய்வாகப் போட்டு முதலில் அவற்றில் ஏற்றுங்கள்.

ஆறுசிலிண்டர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கீழ்க் குழாய் சப்பவில்லை, வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்கிறது. குழாயில் அளந்தேன். 100இல் ரேடியேட்டருக்கு முன்னும் பின்னும் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். ரேடியேட்டரின் இடது பக்கம் முழுக் கையே போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது! நுரை ரப்பரால் எல்லாவற்றையும் அடைத்த பிறகு 18. இப்போது 110இல் முள் நிற்கிறது, 130இல் இன்னும் ஏறுகிறது.

ஒரு முனையைக் கண்ணாடி அடிவாரத்திலும் மறு முனையை என்ஜின் அறையிலும் வைத்துப் பார்த்தேன். அடிவாரத்தில்தான் அழுத்தம் அதிகம், 5 மில்லிமீட்டர். வாஷர் யோசனையைக் கைவிட்டேன்.

டோ வெளிப்பக்கமாக விரிந்திருந்தது. சரிசெய்த பிறகு 130இல் கனம் ஓரளவு திரும்பிவிட்டது. பக்கக் காற்றுக்கு இன்னும் அலைகிறது.

சூடானஎன்ஜின் எழுதியது:

அப்படியானால் என் வண்டி பானெட்டைத் தூக்கியும் ஏன் நன்றாக ஓடுகிறது? அனுபவத்துக்கு மதிப்பில்லையா?

பழையபிஸ்டன் எழுதியது:

உண்டு, நண்பரே. நீங்கள் எழுதியது நெரிசலைப் பற்றி, அங்கே உங்கள் அனுபவம் சரி. அதே வண்டியை 120இல் அரை மணி நேரம் ஓட்டி, பின்விளிம்பைத் தூக்கியும் மூடியும் முள்ளைப் பார்த்து எழுதுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். எல்லா வண்டியின் கண்ணாடிச் சாய்வும் ஒன்றல்ல.

ஆறுசிலிண்டர், 12இலிருந்து 18 நல்ல ஏற்றம். இனி ஏர் டேமுக்குப் போகலாம், ஆனால் உடனே ஃபைபர் கிளாஸ் வாங்க வேண்டாம். விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துகிற நெளி பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, பின்னால் மரச் சட்டம் கொடுத்து, தற்காலிகமாகக் கட்டுங்கள். 80க்கு மேல் போகாதீர்கள். அந்த வேகத்தில் முழு அழுத்தமே 30 மில்லிமீட்டர்தான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். தகடு இல்லாமல் 80இல் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு மூன்று ஆழங்களில் அளந்து பாருங்கள். எந்த ஆழத்துக்குப் பிறகு நீர்மட்டம் ஏற மறுக்கிறதோ, சூட்டைப் பொறுத்தவரை அதற்கு மேல் ஆழம் வீண்.

வார்ப்பு எடுக்கும்போது சக்கரத்தை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, முன்பக்கத்தை அமுக்கியும் பாருங்கள். ஸ்பாய்லரின் பின்மூலை டயரில் உரசினால் அது தடத்தில்தான் தெரியவரும்.

ஆறுசிலிண்டர் எழுதியது:

தகடு வெட்டியாயிற்று. முதல் ஆழத்தில் 80இல் 11இலிருந்து 15க்கு ஏறியிருக்கிறது, இரண்டாவதில் 17. மூன்றாவது ஆழத்தில் தகடு தரையில் உரசிக் கிழிந்துவிட்டது, அதனால் இரண்டாவதையே வைத்துக்கொள்கிறேன். பின் கதவு லிப்பின் உயரத்தைப் பற்றித் தனியாகக் கேட்கிறேன். இசட்டுகளில் பின்னாலிருந்து புகை உள்ளே வருகிற தொல்லையும் அதோடு சேர்ந்தது என்பதால் முதலில் கதவின் ரப்பரை மாற்றிவிட்டு வருகிறேன்.